அத்தான் கணக்கில் ஆறாம் தீவு

சின்னவளுக்குப் பயம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சை முடிவு வந்த நாளிலும் சரி, அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளிலும் சரி, உலகத்துச் சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டன.

அத்தான் அப்போது ஏழு டம்ளர்களை வரிசையாக வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். சொந்தமாக ஒரு படகு வைத்திருக்கிறார். சின்னவள் வேலை பார்க்கிற மர ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்தப் படகைத்தான் ஆறு வருஷமாக ஓட்டுகிறார். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஏழு குட்டித் தீவுகள் ஒன்றன் பின் ஒன்றாக, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி தெரியும். அந்த ஏழிலும் ஒரு காட்டுப் பனை இருக்கிறது. மனிதர் நட்டதில்லை, தானாக முளைத்தது. வேறு எங்கேயும் கிடையாது. அத்தான் தீவு தீவாகப் போய், தொரட்டியால் ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலைத் துண்டைப் பறித்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பொட்டலத்தில் வைத்து, மேலே தீவின் எண்ணை எழுதிக்கொண்டு வருவார். அந்த இலையை அரைத்து, கரைத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து எடுப்பது சின்னவளின் வேலை. ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால் மரத்துக்கு மரம் சில கோடுகள் விழும். அந்தக் கோடுகள்தான் மரத்தின் ஜாதகம். ஒரு தீவில் எல்லா மரத்துக்கும் ஒரே கோடுகள் என்றால் அவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கோடுகள் விதவிதமாக இருந்தால் அது பல வீட்டு ஜனம் கூடி வாழ்கிற ஊர்.

அத்தான் கதை ஒரு குளவியைப் பற்றியது.

"ஒண்ணாம் தீவுல இறங்கறேன், லைட் ஹவுஸ் சுவத்துல ஒரு கூடு. என்னைப் பார்த்ததும் பழைய கடன்காரனைப் பார்த்த மாதிரி அத்தனையும் கிளம்பி வந்துச்சு பாரு..."

"லைட் ஹவுஸ் ஏழாம் தீவுல இல்ல இருக்கு, அத்தான்?" என்று சின்னவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அது உங்க ஆபீஸ் மேப்புக் கணக்கு. கரையில நின்னு எண்ணறவங்களுக்கு அது ஏழு." அத்தான் கடைசி டம்ளரைத் தட்டிக் காட்டினார். "கடல் நல்லா இருக்கிற மாசத்துல தூரத்துத் தீவுக்குப் போவோம். கடல் கெடக் கெடக் கிட்டத்துத் தீவுக்கு வருவோம். அதனால எங்களுக்கு அதான் ஒண்ணு. இதோ, நம்ம வீட்டுக்கு முன்னாடி கிடக்கே, அது ஏழு. என் அப்பா காலத்துலேருந்து இதான் கணக்கு, விஞ்ஞானி அம்மா."

அவளை அவர் விஞ்ஞானி என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். மற்ற நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இன்றைக்கு அவள் கை தட்டின்மேல் நின்றுவிட்டது.

"அத்தான். பொட்டலத்துல எந்தக் கணக்கு எழுதினீங்க?"

"எந்தக் கணக்குன்னா? எழுதினது நான்தானே. என் கணக்குதான்."

அங்கேதான் காது அடைத்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏழு தீவுக் கோடுகளையும் வைத்து நிலையம் போன வருஷம் ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. இரண்டாம் தீவுப் பனைகள் எல்லாம் ஒரே அச்சு, போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆறாம் தீவில்தான் அத்தனை வகையும் இருக்கிறது, அதைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கரையில் தோட்டம் தோட்டமாகப் பனைகள் குருத்து அழுகித் தலை சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நோயைத் தாங்கி நின்ற வகைகளும் அதே ஆறாம் தீவு இலைகளில்தான் தெரிந்தன. அடுத்த பருவத்தில் அங்கிருந்து விதை எடுத்துக் கரை முழுக்க நடப்போவதாகத் திட்டம். துறைமுகத்துக்காரர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, சரி, அப்படியானால் எங்கள் எண்ணெய்த் தொட்டிகளை இரண்டாம் தீவில் கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். அனுமதி கிடைத்தது.

எண்ணினது மறுகோடியிலிருந்து என்றால், அத்தானின் ஆறாம் தீவு மேப்பில் இரண்டாம் தீவு.

"மரம் வெட்ட எப்பப் போறாங்க?" சின்னவளின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"நேத்தே போய்க் கூடாரம் போட்டாச்சே. நாளைக்குக் காலையில ஆரம்பம்னு பேச்சு."

"அத்தான், நாளைக்கு வெட்டப்போறது உங்க ஆறாம் தீவை."

அத்தான் சிரிக்கப்போனார். உதடு விரிந்தது, சிரிப்பு வரவில்லை. டம்ளர்களை இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். வெயிலில் கறுத்த அந்த முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

சொன்னார்கள். அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புரிந்ததும் அவள் முதலில் செய்தது, போய் வாசல் கதவைச் சாத்தியதுதான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"நம்ம மூணு பேருக்கு."

"அப்ப மூணோட நிக்கட்டும். உனக்கு அடுத்த மாசம் வேலை நிரந்தரம் ஆகுது. இவருக்கு இந்தப் படகை விட்டா வேற என்ன தெரியும்? தரையில ஒழுங்கா நடக்கக்கூடத் தெரியாது. மரம்தானேடி? முளைச்சுக்கும்."

"முளைக்காதுக்கா. அங்க இருக்கற மாதிரி வேற எங்கயும் இல்ல. வெட்டினா அவ்வளவுதான், உலகத்துலயே கிடையாது. அது மட்டுமில்ல, தப்பான தீவுலேருந்து விதை எடுத்துக் கரை பூரா நடுவாங்க. எல்லாம் ஒரே அச்சு. நோய் வந்தா ஒண்ணு விடாம விழும்."

"அதை உங்க நிலையத்து டாக்டரம்மா பார்த்துக்குவாங்க. அறிக்கையில கையெழுத்துப் போட்டது அவங்க."

"நாலாம் தீவை வச்சுச் சரிபார்த்தாங்களே!" என்று அத்தான் திடீரென்று நிமிர்ந்தார். "டாக்டரம்மாவே பெரிய லாஞ்சுல வந்து, மணல் இருக்கு, இறங்க வசதின்னு நாலாம் தீவுல இறங்கி, அவங்க கையால பத்து இலை பறிச்சாங்க. என் பொட்டலத்தோட ஒத்துப்போச்சு. எனக்குக் கை குடுத்தாங்க. அப்ப என் கணக்கு சரியாத்தானே இருக்கணும்?"

சின்னவள் நடு டம்ளரை எடுத்துக் காட்டினாள்.

ஏழில் நாலு நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அது நாலு, அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அது நாலு. வேறு எந்தத் தீவில் டாக்டரம்மா கால் வைத்திருந்தாலும் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அத்தான் அந்த டம்ளரை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

டாக்டரம்மாவை நிலையத்தில் கண்ணாடி டாக்டர் என்பார்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, மேசையில் ஒரு கண்ணாடி. மூன்றையும் தேடிக்கொண்டே இருப்பார். இந்த அறிக்கையைப் பற்றித்தான் வெளிநாட்டில் பேசிவிட்டு அப்போது திரும்பிக்கொண்டிருந்தார். சின்னவள் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. துறைமுக அலுவலகத்துக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்?

நாம் நினைப்பது தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில் அவள் நேராக நிலையத்துக்குப் போனாள். காவலாளி, "லீவு நாளு வேலையா? நல்ல பொண்ணும்மா நீ" என்று சாவியைக் கொடுத்தார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது. பொட்டலங்கள் இருக்கிற குளிர் அறைக்குள் போய், ஆறு என்று எழுதின பெட்டியை இழுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்கள். முதல் பொட்டலத்தில் அத்தானின் கோணல் கையெழுத்து: எண் ஆறு. தேதி. அதற்குக் கீழே, "குறிப்பு" என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு வரி.

"இங்கே நின்று கூப்பிட்டால் உன் அக்கா 'என்னங்க' என்று கேட்பாள்."

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வரியை அவள் முன்பே படித்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே அறையில், கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோது படித்துச் சிரித்திருக்கிறாள். குறிப்புக் கட்டம் முழுக்க அத்தானின் கேலிதான் இருக்கும். நண்டு கடித்தது, பறவை தலையில் எச்சமிட்டது, சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, பெயர் ஆமை என்று. அதையெல்லாம் கணினியில் ஏற்றினால் டாக்டர் என்ன நினைப்பார்? அத்தானுக்கு மரியாதை போய்விடுமே என்று, குறிப்பு என்ற கட்டத்தை அவள் மொத்தமாகக் காலியாக விட்டாள். எண்ணை மட்டும் ஏற்றினாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆறாம் தீவு எப்படி இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. சிரித்தாள், அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். வேறு யாராவது அந்நியர் அந்தப் பொட்டலங்களைப் பார்த்திருந்தால், இது என்ன என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

அத்தான் எண்ணினது பழக்கதோஷம். படித்தும் ஏற்றாமல் விட்டது இவள்.

டாக்டருக்கு எல்லாவற்றையும் செய்தியாக எழுதினாள். எழுதி முடித்து, அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தாள். நிரந்தர வேலை, அக்காவின் சாத்தின கதவு, அத்தானின் சாம்பல் முகம் எல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நின்றன. அனுப்பினாள். டாக்டரிடம் அது எப்போது போய்ச் சேருமோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் அத்தான் நிலையத்து வாசலில் வந்து நின்றார்.

"காலையில அஞ்சு மணிக்குப் படகை எடுக்கிறேன். நீ வரவேணாம். உனக்குக் கடல்னா ஆகாது. நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க போய்ச் சொன்னா கேட்பாங்களா?"

அத்தான் யோசித்தார். "கேட்கமாட்டாங்க. பத்து வார்த்தையில ஒன்பது ஜோக்கா வந்துடும் எனக்கு."

"நான் வர்றேன்."

இது வியப்பாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை: ஆறு வருஷம் அந்தப் பனைகளின் கோடுகளை மனப்பாடமாக வைத்திருந்த சின்னவள், அந்தப் பனை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. தண்ணீர் என்றால் அவளுக்கு அத்தனை பயம். குளியலறை வாளி நிரம்பி வழிந்தாலே கால் பின்னால் போகும்.

விடிகாலையில் படகு ஏறினாள். ஏறினது முதல் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் காலடியிலேயே வைத்திருந்தாள். காலடியில் கொஞ்சம் தண்ணீர் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது உள்ளே வந்த தண்ணீரா, இன்னும் வரப்போகிறதா என்று கேட்கப் பயம். அத்தான் வழக்கத்துக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வாய் ஓயாத மனிதர் வாய் மூடினால் நமக்குச் சும்மா இருக்க முடியுமா?

முதல் தீவைத் தாண்டினார்கள். அது வெறும் மணல் திட்டும் நாலைந்து பனையும். அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது.

முதலில் அவள் அதைப் படகு எஞ்சின் என்று நினைத்தாள். பிறகு, குளவிக் கூட்டம் என்று. அத்தான் எஞ்சினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை.

"ரம்பம்," என்றார். "விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. வெயிலுக்கு முன்னாடி முடிக்கப் பார்க்கறாங்க."

தீவின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. சின்னவள் இறங்கினாள். எப்படி இறங்கினோம் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. பாறை மேட்டில் ஏறி நிமிர்ந்தபோது அவளுடைய மரங்கள் எதிரே நின்றன.

இவ்வளவு குட்டையா என்றுதான் முதலில் தோன்றியது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உப்புக் காற்றில் முதுகு வளைந்து, மட்டையெல்லாம் சாம்பல் பச்சையாக. எது எந்தக் கோடு என்று ஒன்றுமே தெரியவில்லை. இருட்டு அறையில் அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி முகம். இங்கே எல்லாம் ஒரே சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு மரம் லேசாகத் தலையை ஆட்டியது. காற்று என்று நினைத்தாள். அது அப்படியே மெதுவாகச் சாய்ந்து, மட்டைகள் மண்ணில் மோதிச் சடசடக்க விழுந்தது. பின்னால் ரம்பத்தோடு ஓர் ஆள் நின்றார்.

"நிறுத்துங்க!" என்று சின்னவள் கத்தினாள். காது அடைத்திருந்ததால் தான் கத்தினோமா, முணுமுணுத்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அத்தான் கத்தினது எல்லோருக்கும் கேட்டது. அது கடலில் கத்திப் பழகின தொண்டை.

மேஸ்திரி வந்தார். மஞ்சள் தொப்பி போட்ட, தொந்தி சரிந்த மனிதர். கோபமில்லை, அலுப்புதான். "யாரும்மா நீங்க? இங்க ஆளுங்க வரக்கூடாது. மரம் மேல விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

சின்னவள் சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள். தீவு எண் மாறின கதையை அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு. இதுல என்ன உசத்தி, என்ன மட்டம்?"

"பார்க்கத்தான் ஒரே மாதிரி. உள்ளுக்குள்ள ஒவ்வொண்ணும் வேற. கரையில பனையெல்லாம் தலை சாயுதே, பார்த்தீங்களா?"

"எங்க வீட்டுலயே ஒன்பது போச்சு."

"அந்த நோயைத் தாங்கற மரம் இதுக்குள்ளதான் இருக்கு. எதுன்னு பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இப்ப விழுந்துச்சே, அதுவாகவும் இருக்கலாம்."

மேஸ்திரி விழுந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் மாறியது. பிறகு சட்டைப் பையைத் தட்டினார்.

"நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். எனக்கு மேலேருந்து தாள் வந்திருக்கு, வெட்டுன்னு. வாய்ப்பேச்சுக்கு நான் ரம்பத்தை நிறுத்த முடியாது. இன்னொரு தாள் கொண்டாங்க, நிறுத்தறேன்."

"டாக்டரோட விமானம் மத்தியானம்தான் வரும்..."

"மத்தியானத்துக்குள்ள இங்க வேலை முடிஞ்சுடும்."

அவருக்குப் பின்னால் மறுபடி ரம்பம் உறுமியது. சின்னவள் முழங்கை மடிப்பில் கோர்த்திருந்த பையைத் திறந்தாள். புது இலை எடுக்கலாம் என்று கொண்டுவந்த காலிப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கிழித்துப் பிரித்து, பாறைமேல் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"தாள் கேட்டீங்களே."

எழுதினது இவ்வளவுதான்: இந்தத் தீவைப் பற்றிய அறிக்கை தவறு. தீவுகளின் எண் தலைகீழாகிவிட்டது. பொட்டலத்தில் இருந்த குறிப்பைப் படித்தும் கணினியில் ஏற்றாமல் விட்டது நான். இங்கே மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னதும் நான். அதனால் வருகிற எதுவானாலும் என்னைச் சேரும். கீழே தன் பெயர், வேலை, தேதி, நேரம். கையெழுத்துப் போடும்போது பேனா பொட்டலத்தைத் துளைத்துக்கொண்டு பாறையில் கீறியது.

அத்தான் அதை வாங்கிப் படித்தார். ஒரு தரம் படித்தார், இன்னொரு தரம் படித்தார். அவருக்கு எழுத்து வேகமாக வராது.

"இதுல என் பேரு இல்லையே?"

"அத்தான், வேணாம். அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்."

"உன் அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்? பேனாவைக் குடு." வாங்கி, எச்சில் தொட்டு, கோணல் கையெழுத்தில், "எண் போட்டவன் நான்" என்று எழுதிப் பெயரைப் போட்டார்.

மேஸ்திரி தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "முத்திரை இல்ல."

"இல்ல."

"நாளைக்கு என்னைக் கேட்டா இதைத்தான் காட்டுவேன். உங்க ரெண்டு பேரையும்தான் காட்டுவேன். புரியுதா? தப்பிக்க இடமே வைக்காம எழுதியிருக்க."

"புரியுது."

அவர் தாளை நாலாக மடித்து, பழைய தாளோடு சேர்த்துப் பையில் வைத்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். ரம்பங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. "சாயந்தரம் நாலு மணி வரைக்கும். அதுக்குள்ள பெரிய ஆளுங்க யாராவது பேசலேன்னா, என் வேலையை நான் பார்ப்பேன். அப்புறம் அழக்கூடாது."

"இதுவரைக்கும் எத்தனை?"

"இருபத்திமூணு."

சத்தம் நின்றதும் சின்னவளுக்குக் கடல் கேட்டது.

அந்த இருபத்திமூன்று மரத்துக்கும் அவள் போனாள். வெட்டின தண்டுகளிலிருந்து இன்னும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிழித்து, பொட்டலத்தில் போட்டு, விழுந்த இடம், பக்கத்துப் பாறை, கரையிலிருந்து எத்தனையாவது தீவு என்று குறிப்புக் கட்டத்தை நிரப்பினாள். விழுந்தது எது என்று மெஷின் சொல்லும். அதைக் கேட்கிற தைரியம் தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தான் பாறை உச்சியில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே மட்டும்தான் சிக்னல் வந்துபோனது. பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வெட்டுக்காரர்கள் நிழலில் படுத்துக்கொண்டு இவர்களையே பார்த்தார்கள். ஒரு மணிக்கு மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கும் பார்த்தார். பார்த்தது அவளுக்குத் தெரியட்டும் என்றே பார்த்தார். மூன்று மணிக்கு ஓர் ஆள் எழுந்து ரம்பத்துக்கு எண்ணெய் போட உட்கார்ந்தார்.

மூன்றே காலுக்கு அத்தான் கத்தினார். "விஞ்ஞானி! ஓடியா!"

போனில் டாக்டர். இறங்கினதும் செய்தியைப் படித்துவிட்டு, விமான நிலையத்து இரைச்சலுக்கு நடுவிலிருந்தே கூப்பிட்டிருந்தார். திட்டப்போகிறார் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார். "நாலாம் தீவு ஒத்துப்போச்சேம்மா?"

"நாலு நடுவுல இருக்கு, டாக்டர்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம். கண்ணாடியாக இருக்கலாம்.

"நான்தான் நாலைத் தேர்ந்தெடுத்தேன்," என்றார் டாக்டர். "இறங்க வசதியா இருக்குன்னு." அவர் குரலில் அப்போது இருந்த பயம் தன்னுடையதைவிடப் பெரியது என்று சின்னவளுக்குத் தோன்றியது. "மேஸ்திரிகிட்ட போனைக் குடு. துறைமுகத்துக்கு நான் இப்பவே எழுதி அனுப்பறேன். விசாரணை வரும்மா. உங்க ரெண்டு பேருக்கும் வரும், எனக்கும் வரும். உன் வேலையைப் பத்தி என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி, டாக்டர்."

மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் "ஆமாம்மா, சரிம்மா" என்றார். திரும்பி வந்து, ரம்பங்களைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். யாரும் சந்தோஷப்படவில்லை. ஒரு நாள் வேலை கெட்டதே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

படகுக்கு இறங்குகிற நேரத்தில் மேஸ்திரி பின்னாலேயே வந்தார். மஞ்சள் தொப்பியைக் கிண்ணம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். அதில் நிறையச் சின்னச் சின்ன முற்றின பனங்கொட்டைகள்.

"விழுந்த மரத்துல இருந்துச்சு. எங்க பசங்களை விட்டுப் பொறுக்கச் சொன்னேன். முளைக்குமா பாரு."

"எது எந்த மரத்தோடது?" என்று கேட்ட பிறகுதான் சின்னவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மேஸ்திரி தொப்பிக்குள் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "அதைத் தனித்தனியா வைக்கணுமா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டோமே."

"பரவாயில்லைங்க. முளைச்சா இலையை அரைச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம். நாளாகும், அவ்வளவுதான்." துப்பட்டாவை விரித்து வாங்கிக்கொண்டாள். கொட்டைகள் இன்னும் வெயில் சூட்டோடு இருந்தன. முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். காட்டுப் பனைக்கொட்டை மண்ணுக்குள் ஒரு வருஷம்கூடச் சும்மா கிடக்கும்.

"கடல் முறுக்க ஆரம்பிச்சுடுச்சு, வா," என்று அத்தான் படகிலிருந்து கூப்பிட்டார். "உன் அக்கா கரையில நிக்கறா பாரு. இங்கிருந்தே தெரியுது. கையில விளக்குமாறு இருக்கான்னுதான் தெரியல."

சின்னவள் கரையைப் பார்க்கவில்லை. நிற்கிற மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டில் இருபத்திமூன்று போனால் எண்பத்தொன்பது. பாறைப் பக்கத்திலிருந்து எண்ணினாள், எண்பத்தொன்பது வந்தது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து எண்ணினாள், எண்பத்தெட்டுதான் வந்தது. காது மெல்ல அடைக்கத் தொடங்கியது. துப்பட்டாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி முதல் மரத்துக்குப் போய், இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.